ஆறடித் தொட்டியை விட்டு இரண்டு சின்னத் தொட்டிகளுக்கு

என் பழைய மீன் தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 680 லிட்டர் பிடிக்கும். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினாலும் 620-க்குக் குறையாது. 12 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய 120 கிலோ. கிராவல் (அடியில் பரப்பும் கூழாங்கல்), மரக்கட்டை, இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 850 கிலோவைத் தாண்டும். இத்தனையும் ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே அதிகமான இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

பெரம்பூரில் தரைத்தளத்தில் சொந்த வீட்டில் இருந்த வரை இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கத் தேவையே வரவில்லை. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே இரண்டாவது மாடியில் வாடகைக்குப் போக முடிவானபோது வீட்டுக்காரர் ஃபோட்டோவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், இது எவ்வளவு வெயிட் வரும்? ஃப்ளோர் தாங்குமா?" நியாயமான கேள்வி. குடியிருப்பு வீடுகளின் தளத்தை சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற பயன்பாட்டுச் சுமைக்குத்தான் இந்தியக் கட்டுமானத் தரநிலை கணக்கிடச் சொல்கிறது. அது அறை முழுவதற்குமான கணக்கு. பீமுக்கு மேல், சுவரை ஒட்டி வைத்தால் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் எந்தப் பக்கம் பீம் ஓடுகிறது, கட்டிடம் எவ்வளவு பழையது என்று தெரியாத வாடகை வீட்டில், கீழே இன்னொரு குடும்பம் தூங்கும் தளத்தின் மேல் அந்தப் பரீட்சையை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எடை ஒரு காரணம்தான். உள்ளுக்குள் இரண்டு காரணங்கள் முன்பே சேர்ந்திருந்தன. 2019 கோடையில் எங்கள் தெருவில் போர் வற்றிப்போனது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்களுக்கு அது கூப்பிடு தூரம். பக்கத்து வீட்டில் குடம் வைத்து லாரிக்குக் காத்திருக்கும்போது நான் வாரத்துக்கு 150 லிட்டரைத் தொட்டியிலிருந்து எடுத்து மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மீன் நோயில் விழும். எடுத்த தண்ணீரைக் குடம் குடமாகப் பக்கத்து வீட்டுத் தென்னைக்கும் வாழைக்கும் கொடுத்தேன். ஆனாலும் உறுத்தல் போகவில்லை. அடுத்தது 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். கரண்ட் போனது, இன்வெர்ட்டரும் தீர்ந்தது. பெரிய மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நானும் என் மகளும் மாற்றி மாற்றி மக்கால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். மீன்கள் பிழைத்தன. பெரிய தொட்டியில் தண்ணீர் அதிகம், ஆகவே ஆபத்து குறைவு என்று சொல்வார்கள். தொட்டிக்கு ஏற்றபடி பெரிய மீன்களும் இருக்கும்போது அந்தப் பாதுகாப்பு மோட்டார் ஓடும் வரைக்கும்தான்.

தொட்டியைக் குறைக்கப்போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனையைச் சொன்னார்கள்: இரண்டடியில் மூணு டேங்க் வாங்கி மீனைப் பிரிச்சு விட்டுடுங்க. கேட்க எளிதாக இருக்கும் இந்த யோசனைதான் மிகக் கொடுமையானது. என்னிடம் இருந்தவை ஒரு ஜோடி ஆஸ்கர், ஆறு சில்வர் டாலர், நான்கு பாரட், ஒரு அடியைத் தாண்டிய ஒரு சக்கர். ஆஸ்கர் முக்கால் அடி முதல் ஒரு அடி வரை வளரும். ஒரு அடி அகலத் தொட்டியில் அது திரும்பவே முடியாது. சில்வர் டாலர் கூட்டமாக, நீளவாக்கில் ஓடிப் பழகிய மீன். சின்னத் தொட்டியில் மிரண்டு கண்ணாடியில் மோதும். தண்ணீரை மூன்றாகப் பங்கு போடலாம், மீனுக்கு வேண்டிய இடத்தைப் பங்கு போட முடியாது. சின்னத் தொட்டிக்கு மாறுவது என்றால் பழைய மீன்களுக்கு எல்லாம் வேறு வீடு பார்த்துவிட்டு, சின்னத் தொட்டிக்கென்றே பிறந்த மீன்களோடு புதிதாகத் தொடங்குவது. இதை முதலில் ஒப்புக்கொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் சரியான வரிசையில் வரும்.

வரிசை என்றால், மீனுக்கு இடம், பிறகு ஃபில்டர், கடைசியாகத்தான் தொட்டி விற்பனை. பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். தொட்டிக்கு ஆள் வந்து முன்பணம் கொடுத்துவிட்டால், மீன்களை யார் தலையிலாவது கட்டியாக வேண்டிய அவசரம் வந்துவிடும்.

சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர். எனக்குப் பழக்கமான கடைக்காரத் தம்பியிடம்தான் முதலில் போனேன். அவன் ஃபோட்டோவைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான். "அண்ணே, ரெண்டு இன்ச் சைஸ்ல இருந்தா இப்பவே எடுத்துக்குவேன். இவ்ளோ பெருசு ஆனத கடைல எங்க வைக்கிறது? வாங்குறவங்க எல்லாம் குட்டியாத்தான் கேக்குறாங்க." உண்மையைச் சொன்னான். குட்டியாக வாங்கி வளர்த்த பெரிய மீனுக்குச் சந்தையில் விலை கிடையாது. எனவே பணம் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். அதற்குப் பதில் நான் கேட்டது மூன்று கேள்விகள்: தொட்டி என்ன அளவு, எத்தனை மாதமாக ஓடுகிறது, உள்ளே வேறு என்ன மீன் இருக்கிறது. ஃபோட்டோ அனுப்பச் சொன்னேன். புதிதாகத் தொட்டி வாங்கி அன்றைக்கே மீன் விட நினைத்தவர்களிடம் மறுத்துவிட்டேன். நாலடித் தொட்டியில் ஃப்ளவர்ஹார்ன் இருக்கிறது, அதோடு விடுகிறேன் என்றவரிடமும் மறுத்தேன். ஒன்று மற்றொன்றைக் கிழித்துவிடும்.

சில்வர் டாலரும் பாரட்டும் ஓரளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தன. ஆஸ்கர் ஜோடிக்குத்தான் நாளாயிற்று. கடைசியில் திருவள்ளூர் பக்கம் வீட்டோடு பெரிய சிமெண்ட் தொட்டி வைத்திருக்கும் ஒருவர் முன்வந்தார். அவரிடம் நான் கூடுதலாக ஒன்று பார்த்தேன்: மழையில் தொட்டி நிரம்பி வழிந்தால் தண்ணீர் எங்கே போகும்? சுற்றுச்சுவர் உயரமாக இருந்தது, வலை போட்டிருந்தார், வழிகிற குழாய்க்குச் சல்லடை இருந்தது. அதன் பிறகே சரி என்றேன். அந்த வாரம் முழுக்க என் மனைவி இரண்டுக்கும் தன் கையாலேயே தீனி போட்டாள். "என்னங்க, நம்ம நிழல் பட்டாலே மேல வருதுங்க. அங்க யாரத் தேடும்?" என்று கேட்டாள். எனக்கும் தொண்டை அடைத்தது. பத்து வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய உயிர். ஆளைத் தெரிந்துகொள்ளும் மீன். இந்தப் பிரிவை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்பவர்கள் மீன் வளர்த்திருக்க மாட்டார்கள்.

சக்கரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பாசி சாப்பிடும் என்று சொல்லி எல்லாத் தொட்டியிலும் இரண்டு அங்குலத்தில் விடுகிறார்கள். தென் அமெரிக்க மீன், ஒரு அடிக்கு மேல் வளரும், எதையும் தாங்கும், காற்றை விழுங்கிக்கூட உயிரோடு இருக்கும். "ஏரில விட்டுடு சார், புண்ணியமாப் போவும்" என்று எனக்கும் ஒருவர் சொன்னார். புண்ணியம் இல்லை, பெரிய பாவம். இப்படி விடப்பட்ட சக்கர்கள்தான் இன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஏரி, ஆறு என்று பெருகிக் கிடக்கின்றன. கரையில் பொந்து குடைந்து முட்டையிடுகின்றன, கரை சரிகிறது. முள் துடுப்பில் மீனவர் வலை சிக்கிக் கிழிகிறது. நம் கெண்டைக்கும் கெளுத்திக்கும் இரையும் இடமும் போகிறது. கோயில் குளம், கல்குவாரி, கிணறு எதுவாக இருந்தாலும் வளர்ப்பு மீனை விடாதீர்கள். இடம் கிடைக்கும் வரை பெரிய தொட்டியைக் காலி செய்வதைத் தள்ளிப் போடுவதே முறை. என் சக்கரை ஆறடித் தொட்டி வைத்திருக்கும் ஒரு பள்ளி ஆசிரியர் எடுத்துக்கொண்டார்.

மீன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே சின்னத் தொட்டிகளுக்கான வேலையும் நடந்தது. அதைப் பெரிய தொட்டிக்குள்ளேயே நடத்தினேன். புது ஸ்பான்ஜ் ஃபில்டர் இரண்டு வாங்கி, ஏர் பம்பில் இணைத்து, பழைய தொட்டியின் மூலையில் ஒரு மாதத்துக்கு மேல் ஓட விட்டேன். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை. ஸ்பான்ஜ், செராமிக் ரிங், கல், கண்ணாடி என்று பரப்புகளில் ஒட்டி வாழ்கிறது. ஆகவே பழைய தண்ணீரைக் கேன் கேனாகச் சுமந்து போவதில் பெரிய பயன் இல்லை. பழுப்பேறிய ஸ்பான்ஜை ஈரம் காயாமல் கொண்டுபோவதில்தான் எல்லாப் பயனும் இருக்கிறது. அதை அலச வேண்டுமென்றால் தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டால் சேர்த்து வைத்த பாக்டீரியா செத்துப்போகும். மீன் வர நாளாகும் என்றால் புதுத் தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு வையுங்கள். அது அழுகி அம்மோனியா தரும், பாக்டீரியா பட்டினி கிடக்காது.

கிராவலை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பல வருஷம் கிடந்த கிராவலின் அடியில் காற்று புகாத கறுப்பு அடுக்கு இருக்கும். கிளறினால் அழுகின முட்டை வாடை வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு விஷம். இதனால்தான் தொட்டியில் மீன் இருக்கும்போது கிராவலை அள்ளக் கூடாது என்கிறேன்.

பிரிக்கும் நாளில் செய்த வரிசையை அப்படியே சொல்கிறேன். முந்தின நாள் மீன்களுக்குத் தீனி கிடையாது. வயிறு காலியாக இருந்தால் வழியில் கழிவு குறையும். முதலில் ஸ்விட்சை எல்லாம் அணைத்து வயரைக் கழற்றினேன். மரக்கட்டையை எடுத்தேன். தண்ணீரை ஹோஸ் வழியாக வெளியே விட்டு, ஒரு சாண் ஆழத்துக்கு வந்த பிறகே மீனைப் பிடித்தேன். நிறைந்த தொட்டியில் வலையோடு துரத்தினால் மீன் கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். ஆஸ்கரை வலையில் தூக்காமல் பிளாஸ்டிக் டப்பில் தண்ணீரோடு ஒதுக்கி எடுக்க வேண்டும். சக்கருக்கு வலையே கூடாது, முள் மாட்டிக்கொண்டால் மீனுக்கும் காயம், கைக்கும் காயம். பெரிய மீன்களை மூடியுள்ள டிரம்மில், பேட்டரி ஏர் பம்போடு கொண்டுபோனோம்.

சின்ன மீன்களைக் கவரில் கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன் என்று கடையில் அடைத்துத் தருவார்கள். வழியில் பாதியில் திறந்து பார்க்காதீர்கள். மீன் விடும் கரியமில வாயுவால் கவருக்குள் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) இறங்கியிருக்கும். அந்த நிலையில் அம்மோனியாவின் பெரும்பகுதி தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும். 7-இலிருந்து 8-க்கு ஏறினால் விஷப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகும். நீண்ட பயணம் முடிந்து கவரைத் திறந்தால் நேரம் கடத்தாமல் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட்டுவிட வேண்டும். கவர்த் தண்ணீரை ஊற்றக் கூடாது.

மீன் போன பிறகு கிராவலை முழுவதும் அள்ளி, கடைசிச் சொட்டு வரை வடித்த பிறகே தொட்டியை அசைத்தோம். அடியில் கொஞ்சம் கிராவலோ தண்ணீரோ இருந்தாலும் தூக்கும்போது பாரம் ஒரு பக்கம் சாய்ந்து சிலிக்கான் இணைப்பு விட்டுப்போகும். மேலே ஒட்டியிருக்கும் பட்டிக் கண்ணாடியைப் பிடித்துத் தூக்கவே கூடாது, அடியில்தான் கை கொடுக்க வேண்டும். 120 கிலோ கண்ணாடிக்குத் தெருப் பையன்கள் போதாது. கண்ணாடிக் கடை ஆட்களை உறிஞ்சு கைப்பிடியோடு வரச் சொன்னேன். அந்தக் கூலியில் மிச்சம் பிடிக்காதீர்கள். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் சேர்த்து வாங்கின விலையில் கால் பங்குகூட வரவில்லை. எடுத்தவர் தரைத்தளத்தில் இருப்பவர் என்பதில் எனக்குத் திருப்தி.

இப்போது வீட்டில் இருப்பவை இரண்டு. ஒன்று இரண்டரை அடி நீளம், 120 லிட்டர் தண்ணீர். மற்றொன்று ஒன்றரை அடி, 38 லிட்டர். எதிரெதிர்ச் சுவரை ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

என்ன மீன் என்பதில்தான் நிறைய யோசித்தேன். சென்னையில் ஏசி இல்லாத அறையில் மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும். 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் என்றால், 32-இல் 7.3 தான். சின்னத் தொட்டி சீக்கிரம் சூடாகும், கரண்ட் போனால் சீக்கிரம் மூச்சடைக்கும். எனவே காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்புள்ள மீன்களை முதலில் பார்த்தேன். பீட்டா, கௌராமி வகைகள் எல்லாம் இப்படித்தான். மேலே வந்து ஒரு வாய்க் காற்று எடுத்துக்கொள்ளும். நம் ஊர்க் குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் இருக்கும், கடைகளில் ஸ்பைக்டெயில் பாரடைஸ் என்று சொல்லப்படும் சின்ன மீனும் இதே குடும்பம்தான். இரண்டரை அடித் தொட்டியில் தேன் கௌராமி சிலவும், ஒரு கூட்டம் செர்ரி பார்பும் இருக்கின்றன. செர்ரி பார்ப் இலங்கையின் தென்மேற்கு ஓடைகளுக்கே உரிய மீன். ஆண் சிவந்து நிற்கும் அழகுக்கு நான் அடிமை. சின்னதில் ஒரே ஒரு பீட்டா. அதற்கு மூடி கட்டாயம், குதிக்கும். ஆசையாக இருந்தும் இறால் வைக்கவில்லை. செர்ரி இறால் சென்னைக் கோடையைத் தாங்கிப் பெருகுவது கடினம். செடியில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் கட்டையில் நூலால் கட்டியிருக்கிறேன். அவற்றின் தண்டுக்கிழங்கை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும்.

சின்னத் தொட்டி என்றால் வேலை குறைவு என்று நினைத்து வருபவர்களுக்கு இரண்டு கணக்குகள். ஒன்று தீனி. 40 சதவீதம் புரதமுள்ள ஒரு கிராம் தீனியில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதில் பாதி அம்மோனியாவாக வந்தால், ஆறடித் தொட்டியில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அதே ஒரு கிராம் 38 லிட்டரில் 0.8. முன்பு கை நிறையப் போட்டுப் பழகிய கைக்கு இது பெரிய மாற்றம். நான் தீனியை ஒரு கரண்டிக்குள் அளந்து வைத்துவிடுகிறேன், வீட்டில் யார் போட்டாலும் அந்த அளவுதான்.

மற்றொன்று ஆவியாதல். சூட்டைக் குறைக்கச் சின்ன ஃபேனைத் தண்ணீர் மேல் வீச வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், நல்ல வழி. ஐஸ் பாட்டில் போடுவதைவிட எவ்வளவோ மேல். ஐஸ் கரையக் கரைய வெப்பம் ஏறி இறங்குவது மீனுக்கு ஆகாது. ஆனால் ஃபேனால் நாளுக்கு ஒரு லிட்டர் போனால், உப்பு அங்கேயே தங்கும், தண்ணீர் மட்டும் போகும். 800 டிடிஎஸ் (லிட்டரில் கரைந்துள்ள உப்பின் மில்லிகிராம் அளவு) உள்ள போர் தண்ணீரால் அந்தக் குறையை நிரப்பினால், ஒரு வாரத்தில் 38 லிட்டர் தொட்டியில் டிடிஎஸ் ஏறக்குறைய 150 கூடிவிடும். குறைந்ததை நிரப்ப ஆர்ஓ தண்ணீர், வாராந்திர மாற்றத்துக்கு வழக்கமான தண்ணீர் என்று பிரித்துக்கொண்டேன். மெட்ரோ வாட்டர் என்றால் ஆன்டி குளோரின் கலந்த பிறகே. வாரத்துக்கு இரண்டு 20 லிட்டர் பக்கெட்டில் இரண்டு தொட்டிக்கும் மாற்றம் முடிந்துவிடுகிறது. எடுத்த தண்ணீர் பால்கனித் தொட்டிச் செடிகளுக்குச் சரியாக இருக்கிறது.

கரண்ட் கணக்கும் மாறியது. பழைய தொட்டியில் இரண்டு டாப் ஃபில்டர், லைட், ஏர் பம்ப் எல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 150 யூனிட்டுக்கு மேல் இழுத்தன. இலவச 100 யூனிட்டை மீன் தொட்டி மட்டுமே தின்றுவிடும். இப்போது 22 யூனிட் வரை வருகிறது. இரண்டு குட்டி ஏர் பம்புகளும் இன்வெர்ட்டரில் இரவு முழுக்க ஓடும். புயல் காலத்துக்குப் பேட்டரி பம்ப் ஒன்று தனியாக இருக்கிறது.

இரண்டு தொட்டி என்று ஆனதும் புதிதாக வரும் தொல்லை, ஒன்றின் நோய் மற்றொன்றுக்குப் போவது. வெள்ளைப் புள்ளி நோய் ஒரு ஈர வலையிலேயே தொற்றிவிடும். ஆகவே ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை, தனி டியூப், தனி பக்கெட். மாறிப்போகாமல் இருக்க சிவப்பு, நீலம் என்று நிறம் பிரித்து வைத்திருக்கிறேன். புது மீன் எதுவானாலும் முதலில் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பில் மூன்று, நான்கு வாரம் இருக்கும். அந்த டப்புக்கான ஸ்பான்ஜ் எப்போதும் இரண்டரை அடித் தொட்டியின் பின்மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். புது மீன் வரும் அன்று அதை எடுத்து டப்பில் போட வேண்டியதுதான். திரும்பித் தொட்டிக்குள் போகும் முன் வெந்நீரில் அலசிக் காயவைத்துவிடுவேன்.